ஆறே முக்கால் ஆள்

“இதை நீயே போட்டியா, இல்ல யாரையும் பார்த்து எழுதுனியா?”

பதினொன்றாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கு டீச்சர் என்னிடம் இப்படிக் கேட்டார். நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தேன். வகுப்பில் இருந்த நாற்பத்தாறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நாலு பேர் நடுவே பேச வராது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தலையைக் குனிந்தபடி நின்றேன். டீச்சர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். நூறைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பூஜ்யம் போட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன்.

இப்போது தூத்துக்குடி பைபாஸில், தேர்வு மையத்துக்கு எதிரே, பை வைக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிறேன். கொட்டகை என் சித்தியுடையது. தேர்வு எழுதுகிறவர்கள் உள்ளே எதையும் கொண்டுபோகக் கூடாது. போன், வாட்ச், பெல்ட், சாப்பாட்டு டப்பா, தலையில் குத்திய கிளிப், எல்லாம் எங்களிடம் வரும். பதிலுக்கு எண் அடித்த தகரத் துண்டு கொடுப்பேன். இந்த வேலைக்குப் பேச வேண்டியதில்லை.

உள்ளே நடப்பது கணக்குத் தேர்வு மட்டும்தான். எந்த நல்ல கல்லூரியிலும் பொறியியலோ அறிவியலோ கணிதமோ படிக்க அந்த மதிப்பெண் வேண்டும். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை எழுதலாம். இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வார்கள். வாழ்நாளில் அந்த ஒரு நாள்தான். முன்பெல்லாம் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் இருந்ததாம். மூன்று வருஷமாக வினாத்தாளே கிடையாது. துலா என்று ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. அது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அந்த நிமிஷத்திலேயே கேள்வியைச் செய்து திரையில் காட்டும். சரியாகப் போட்டால் கேள்வி ஒரு படி கடினமாகும். மொத்தம் ஏழு படி. மேலே போகப் போக ஒரு கேள்விக்கு மதிப்பெண் அதிகம். உனக்கு எவ்வளவு தூரம் ஏற முடியுமோ ஏறு என்கிறார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது.

மையத்தின் வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். ‘ஒவ்வொருவரின் வினாக்களும் வேறு. விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதால் பயனில்லை.’

பிள்ளைகள் கேட்டால்தானே. பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்த பிள்ளையால் விடையைச் சொல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. எங்கள் கொட்டகையின் பக்கச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. டீக்கடையாக இருந்த காலத்தில் விலை எழுதிப்போட்டது. அதில் சாக்கட்டியால் எழுதித் தள்ளுவார்கள். ஆளாளுக்கு வேறு கேள்வி என்பதால் விடையை ஒத்துப்பார்க்க வழியில்லை. அதனால் கேள்வியை மாற்றிக்கொள்கிறார்கள். உன் கணக்கை நான் போடுகிறேன், என் கணக்கை நீ போடு.

நான் பை அடுக்கும் அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து அவர்கள் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வேன். பெயர், பள்ளி, என்ன கேள்வி, என்ன விடை. வெள்ளைத் தாளையும் போனையும்தான் தடை செய்திருக்கிறார்கள், காதைத் தடை செய்யவில்லை. இரண்டு வருஷத்தில் நான்கு நோட்டு நிரம்பிவிட்டது. கூட்டம் இல்லாத நாட்களில் அந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பேன். இது சித்திக்குக்கூடத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சிக்கனி தேர்வு எழுத வந்தாள். எங்களுக்கு அடுத்த தெரு. அவள் அம்மா உப்பளத்தில் உப்பு வாருகிறவள். பதினெட்டு வருஷம் உப்புத் தண்ணீரில் நின்றதில் கால் இரண்டும் வெடித்துப் போய், இந்தக் கோடைக்கு மேல் வேலைக்கு நிற்க முடியாது என்றாகிவிட்டது. சென்னையில் ஒரு கணிதக் கல்லூரி இருக்கிறது. எண்பது மதிப்பெண் எடுத்தால் படிப்பும் விடுதியும் சாப்பாடும் அவர்கள் செலவு. எடுக்காவிட்டால் ஜூன் முதல் தேதி கனி அம்மாவின் இடத்தில் இறங்க வேண்டும். கங்காணி ஏற்கெனவே பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டார்.

அவளோடு அவள் வகுப்புத் தோழி இசக்கியம்மாளும் வந்திருந்தாள். ஒரே அரசுப் பள்ளி, ஒரே பெஞ்சு. இசக்கி இருக்கும் இடத்தில் சத்தம் இருக்கும்.

காலைத் தேர்வு முடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போதே இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

“சலேத்தக்கா, டப்பாவை எடுங்க. பசி உயிரு போகுது,” என்றாள் இசக்கி. “எனக்கு முப்பது கேள்வியும் தொட்டியும் குழாயுமாத்தான் வந்துச்சு. ஒரு குழா நிரப்புது, ஒரு குழா ஒழுகுது. என்னைய என்ஜினியருக்கு எடுக்காவளா, பிளம்பருக்கு எடுக்காவளான்னு தெரியல.”

“எல்லாம் சரியாட்டி?” என்றாள் கனி.

“ஒண்ணு விடாம சரி. ஒனக்கு?”

“எனக்கும் சரிதான்.” கனியின் முகத்தில் வெளிச்சம் அடித்த மாதிரி இருந்தது. “லாபம் நட்டம், தள்ளுபடி, ஆளு நாளு. நாப்பது நிமிசத்துல முடிச்சிட்டேன். மேல இன்னும் கஷ்டமா வரும் வரும்னு பார்த்தேன். வரவே இல்ல.”

“வராட்டி நல்லதுதானட்டி. எங்க அப்பா சொல்லிட்டாரு. எழுபது வந்தா காலேஜி, வராட்டி ஆறுமுகநேரி மாமன் மவன். அவனைப் பார்த்திருக்கியா நீ? அவன் மூக்கைப் பார்த்ததுல இருந்து நான் கணக்குப் படிக்கேன்.”

நான்கூட அலமாரிக்குப் பின்னால் சிரித்தேன். இரண்டு பேர் சொன்ன கேள்விகளையும் எழுதிக்கொண்டேன்.

மணி அடித்ததும் கூட்டம் வந்தது. கரும்பலகைக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். கடைசியில் ரோஷன் வந்தான். அப்பா துறைமுகத்தில் என்ஜினியர். பீச் ரோட்டுப் பக்கம் பெரிய பள்ளியில் படிக்கிறவன். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

“செத்தேன்,” என்றான். “யாராவது இதைப் போட்டுக் காட்டுங்க. ஒண்ணுல இருந்து ஆயிரம் வரைக்கும் இருக்கிற எண்கள்ல, எத்தனை எண்ணுக்கு வகுஎண்களோட எண்ணிக்கை ஒற்றைப்படையா வரும்? ஆயிரத்தையும் எப்படி வகுத்துப் பார்க்கிறது?”

கனி ஒரு வாய்ச் சோற்றைக் கையில் வைத்தபடி அவனைப் பார்த்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“முப்பத்தொண்ணு,” என்றாள்.

“எப்படி?”

“வகுஎண்ணு ஜோடி ஜோடியாத்தான வரும். பன்னெண்டுன்னா ஒண்ணும் பன்னெண்டும், ரெண்டும் ஆறும், மூணும் நாலும். வர்க்க எண்ணுக்கு மட்டும் ஒண்ணு ஜோடியில்லாம நிக்கும். பதினாறுக்கு நாலு நிக்க மாதிரி. அப்ப ஆயிரத்துக்குள்ள எத்தனை வர்க்கம்? முப்பத்தொண்ணு.”

“நான் முப்பத்திரெண்டு போட்டேன்.”

“முப்பத்திரெண்டு முப்பத்திரெண்டு ஆயிரத்து இருபத்திநாலு. தாண்டிருமே.”

“அப்ப தப்பு.” ரோஷன் தலையைச் சொறிந்தான். “ஆனா அதுக்கு அடுத்த கேள்வி இதைவிடக் கஷ்டமா வந்துச்சே. அதையும் தப்பாத்தான் போட்டேன். அதுக்கப்புறமும் ஏறிச்சு.”

அவன் தன் மனதில் நின்ற மற்ற மூன்று கேள்விகளையும் சொன்னான். கனி மூன்றையும் போட்டாள். ஒன்றுக்கு மட்டும் சாக்கட்டி கேட்டாள். சோறு கையிலேயே காய்ந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ரோஷன் தட்டவில்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “உனக்கு இதெல்லாம் வரலையா?” என்று கேட்டான்.

“இல்ல.”

“ஏன்?”

அவனை அழைத்துப்போக கார் வந்துவிட்டது. அவன் போன பிறகும் கனி பலகையைப் பார்த்தபடியே நின்றாள். இசக்கி சர்பத் வாங்கப் போனாள். சாலைக்கு அந்தப் பக்கக் கடையில் வரிசை நீளமாக இருந்தது.

நான் நான்கு நோட்டையும் மடியில் வைத்துப் பின்னாலிருந்து புரட்டினேன். இதுவரை நான் கணக்குகளைத்தான் பார்த்திருந்தேன், ஆட்களைப் பார்த்ததில்லை. எந்தப் படியில் இருக்கிறோம் என்று திரை காட்டாது, ஆனால் இத்தனை கணக்குப் போட்டதில் கேள்வியைப் பார்த்தாலே எனக்குப் படி தெரியும். இப்போது பள்ளியின் பெயரையும் கேள்வியின் படியையும் சேர்த்துப் பார்த்தேன். சீக்கிரம் முடித்து வெளியே வந்தவர்கள், எல்லாம் சரி என்று சொன்னவர்கள், அரசுப் பள்ளிப் பிள்ளைகள். இருபத்து மூன்று பேர். ஒருவருக்குக்கூட மூன்றாம் படிக்கு மேல் கேள்வி வரவில்லை. மூன்றாம் படியில் முப்பதையும் சரியாகப் போட்டால் நாற்பத்தெட்டு மதிப்பெண். அதற்கு மேல் ஒரு மதிப்பெண்கூட வராது. இருபத்து மூன்று பேரும் இந்தக் கொட்டகையில் சிரித்துக்கொண்டுதான் பையை வாங்கிப் போனார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

அந்த நேரத்தில்தான் தேவசகாயம் சார் வந்தார். மையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர். அங்கே வேலை பார்க்கிறவர்களும் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் சாப்பாட்டு நேரத்தில் இங்கே வந்து வீட்டுக்குப் பேசிவிட்டுப் போவார். நாகர்கோவில்காரர். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை.

கனி நேராக அவரிடம் போனாள். “சார், எல்லாத்தையும் சரியாப் போட்டேன். எனக்கு ஏன் கேள்வி ஏறல?”

“அதெல்லாம் மெஷின் பார்த்துக்கிடும்மா. ரிசல்ட்டு வரட்டு.”

“ரோஷன் தப்பாப் போட்டும் ஏறிச்சே.”

“ஒருத்தரோட ஒருத்தர் ஒப்பிடக் கூடாதுன்னு வாசல்ல எழுதிப்போட்டிருக்குல்லா.”

அவர் போனை எடுக்கக் கையை நீட்டினார். நான் போனைக் கொடுக்கவில்லை. என் நோட்டைக் கொடுத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. நோட்டில் இன்னொருவர் கண் படுவது அதுதான் முதல் தடவை. அவர் நின்றபடியே ஒரு பக்கம் படித்தார். அப்புறம் உட்கார்ந்து படித்தார். இருபத்து மூன்று பெயர்களையும் பள்ளிகளையும் நான் அன்றைய பக்கத்தின் மேலே எடுத்து எழுதிச் சிவப்புக் கோடு போட்டிருந்தேன்.

“இதை யாரு எழுதுனது?”

நான் தலையைக் குனிந்தேன்.

அவர் சாலையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். “இங்க பாரும்மா. ஒரு பிள்ள உள்ள வந்து உக்காருததுக்கு முன்னாலயே துலா அதுக்கு ஒரு மதிப்பு போட்டு வச்சிருக்கும். எந்த ஸ்கூலு, அங்க இதுக்கு முன்னால எத்தனை பேரு தேறுனாவ, அப்பா அம்மா என்ன படிச்சிருக்காவ. கீழ மதிப்பு இருக்க பிள்ள படபடன்னு சரியாப் போட்டா அது நம்பாது. யாரோ சொல்லிக்குடுக்காவன்னு நினைக்கும். ஏத்தி விடாம, அதே மாதிரி இன்னொண்ணு கேக்கும். அதையும் சரியாப் போட்டா சந்தேகம் கூடும். இன்னொண்ணு கேக்கும்.”

“முப்பதும் அப்படியேவா?”

“முப்பதும் அப்படியே.”

“அப்ப நான் தப்பாப் போட்டா?”

அவர் நோட்டை மூடினார். “தப்பாப் போட்டா நம்பும்,” என்றார்.

“ரோஷன் தப்பாப் போட்டதை?”

“அது கவனப்பிசகுன்னு எடுத்துக்கிடும்.”

கனி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “இதை அதுக்கு யாரு சார் சொல்லிக்குடுத்தா?”

“யாரும் சொல்லிக்குடுக்கல. பழைய பரீட்சைல காப்பியடிச்சுப் பிடிபட்ட பிள்ளைகளோட விவரத்தையெல்லாம் லட்சக்கணக்குல போட்டுப் பழக்குனாவ. அதுலயிருந்து தானாப் படிச்சது.”

“பறக்கும் படை எங்க ஸ்கூலுக்குத்தான் வரும்,” என்றாள் கனி. “பாவாடை நாடா வரைக்கும் அவுத்துப் பார்ப்பாவ. ரோஷன் ஸ்கூலுக்கு ஒரு தடவை போயிருப்பாவளா? தேடுன எடத்துலதான சார் கிடைக்கும்.”

தேவசகாயம் சார் நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, “நான் மேல ரெண்டு தடவை எழுதிட்டேன்மா. ‘உரிய நேரத்தில் பரிசீலிக்கப்படும்’னு பதில் வந்துச்சு. மூணாந்தடவை எழுதினா என்னைய வேற ஊருக்குப் போடுவாவ,” என்றார்.

மூன்றாவது தடவையும் எழுதினால் என்ன, வேறு ஊருக்குப் போட்டால்தான் என்ன என்று கத்த வேண்டும்போல் இருந்தது. என் வாய்க்குள் வார்த்தைகள் கூட்டமாக நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை. 

அவர்தான் வழியையும் சொன்னார். முதல் ஐந்தாறு கேள்விகளில் மூன்றைத் தப்பாகப் போட வேண்டும். தெரிந்த கணக்குக்கும் நேரம் எடுக்க வேண்டும். விடையை அமுக்கப் போய்க் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். திரைக்கு மேலே கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். இது தானாகத் தடுமாறிக் கற்கிற பிள்ளைதான் என்று துலாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டால் அப்புறம் தடுக்காது. ஏழு வரைக்கும் விடும்.

“ஆனா ஒண்ணும்மா. ஒரு ஸ்கூல்ல இருந்து ஒருத்தருக்கு மேல இப்படிச் செஞ்சிரக் கூடாது. ரெண்டு பேரு ஒரே மாதிரித் தடுமாறினா கூட்டுச் சேர்ந்து ஏமாத்துதாவன்னு எழுதிரும். அதோட ரெண்டு பேருக்கும் முடிஞ்சு போச்சு. நான் எதுவும் சொல்லல. நீங்களும் எதுவும் கேக்கல.”

போனை வாங்கிக்கொண்டார். யாருக்கும் பேசாமலே திரும்பக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கனி என் எதிரே உட்கார்ந்தாள். “தெரிஞ்ச கணக்கைத் தெரியாத மாதிரிப் போடணுமாக்கா? பன்னெண்டு வருசம் தப்பில்லாமப் போடத்தான படிச்சேன்.”

நான் தலையை ஆட்டினேன்.

“இசக்கிக்கும் முப்பதும் சரி. அவளுக்கும் நாப்பத்தெட்டுதான் வரும். அவகிட்ட சொல்லணும்லா.”

சாலைக்கு அந்தப் பக்கம் இசக்கி மூன்று டம்ளர் சர்பத்தை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, லாரி போவதற்காகக் காத்து நின்றாள். எங்களைப் பார்த்து ஏதோ கத்தினாள். லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை.

“சொல்லாத,” என்றேன்.

அன்று நான் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அதுதான். கனி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ எண்பது எடுக்கணும். அவ எப்படியும் சமாளிச்சுக்கிடுவா.”

அப்படித்தான் நினைத்தேன். சிரித்துக்கொண்டே இருக்கிறவள். எழுபது வராவிட்டாலும் ஏதாவது ஒரு கல்லூரியில் சேர்ந்துவிடுவாள். மாமன் மகன் கதையை நான் கதையாகத்தான் எடுத்துக்கொண்டேன். கனி கணக்குப் போடுவதைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் கனியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இசக்கி வந்துவிட்டாள். “என்ன ரெண்டு பேரும் எழவு வீட்டுல இருக்க மாதிரி இருக்கிய? இந்தா, சலேத்தக்காவுக்கு ஐஸ் கூடப் போடச் சொல்லி வாங்கிட்டு வந்திருக்கேன். கடைக்காரன் முறைச்சான்.”

கனி சர்பத்தை ஒரே மூச்சில் குடித்தாள். மணி அடித்தது. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை நான் ஒரு கணக்குகூடப் போடவில்லை. பைகளைத் திரும்பத் திரும்ப அடுக்கினேன். நூற்றிருபது பை. ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா, ஒரு போன், யாரோ வாங்கிக்கொடுத்த ஒரு சாமி படம். எதிரே அந்தக் கட்டடம் கண்ணாடி பளபளக்க நின்றது. கல்லை எடுத்து எறிந்தால் எத்தனை கண்ணாடி உடையும் என்று எண்ணிப் பார்த்தேன். உள்ளே கனி இந்நேரம் முதல் தப்பைப் போட்டிருப்பாள். காப்பியடிக்காத பிள்ளை, காப்பியடிக்கவில்லை என்று காட்டுவதற்காக நடிக்கிறாள். அதைப் பார்த்து ஓர் இயந்திரம் மகிழ்ந்துபோய்க் கதவைத் திறக்கிறது.

நான்கு மணிக்குக் கனிதான் முதலில் வந்தாள். தகரத் துண்டை நீட்டியபோது அவள் கட்டைவிரல் நகத்தில் ரத்தம் தெரிந்தது.

“ஏறிச்சுக்கா.”

“எத்தனை?”

“ஏழு. ஒவ்வொரு ஏத்தமா எண்ணிக்கிட்டே வந்தேன். கடைசி ஒம்பது கேள்வியும் ஏழாம் படிதான். எட்டு சரியா வந்திருக்கும்.” அவள் குரலில் சந்தோஷம் இல்லை. “முத கேள்வி பென்சில் விலை. எட்டேழு அம்பத்தாறு. அம்பத்திநாலை அமுக்கினேன். ரெண்டாவதுக்கு நகத்தைக் கடிச்சேன், கேமரா பார்க்கட்டும்னு. மூணாவதும் தப்பாப் போட்டேன். உடனே திரையில, ‘பரவாயில்லை, பதற்றப்படாமல் முயற்சி செய்யுங்கள்’னு வந்துச்சு. காலையில முப்பதையும் சரியாப் போட்டேன்லா. அப்ப ஒரு தடவைகூட அப்படி எதுவும் வரல.”

எண்பதுக்கு மேல் நிச்சயம் என்று நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டேன். தொண்ணூறுகூட வரலாம். கடைசிக் கேள்வி என்ன என்று கேட்டேன். கனி சொன்னாள். ஒரு வட்டம், அதற்குள் தொட்டுக்கொண்டு மூன்று வட்டம், அவற்றுக்கு நடுவே மிஞ்சும் இடத்தில் இன்னொன்று. நான் நோட்டைத் திறந்து தலைப்பு எழுதி, படத்தை வரைந்துகொண்டிருந்தபோது இசக்கியின் சத்தம் கேட்டது.

“மறுபடியும் பிளம்பர் வேலைதான். முப்பதும் சரி.” அவள் நேராகக் கரும்பலகைக்குப் போய் சாக்கட்டியை எடுத்தாள். அவர்கள் பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர் கூடவே வந்தார்கள். அவர்களுக்கும் எல்லாம் சரியாம். ஒருத்தி மற்றவள் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். “நாம எல்லாரும் ஒரே காலேஜிக்குப் போவோம்ட்டி,” என்றாள்.

“கனி, ஒன் கடைசிக் கணக்கைச் சொல்லு. நான் போடுதேன்,” என்றாள் இசக்கி.

கனி தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“சொல்லுட்டி. காலையில நீ அந்தத் தொரமுகத்துப் பையனுக்குப் போட்டுக் காட்டுனேல்லா. இப்ப என் முறை.”

“ஆளு நாளு கணக்குதான்,” என்றாள் கனி. “பன்னெண்டு ஆளு ஒம்பது நாள்ல ஒரு பாத்தியை வெட்டுவாவ. அதே பாத்தியைப் பதினாறு நாள்ல வெட்ட எத்தனை ஆளு வேணும்?”

இசக்கி பலகையில் எழுதினாள். பன்னிரண்டை ஒன்பதால் பெருக்கி நூற்றெட்டு. அதைப் பதினாறால் வகுத்தாள்.

“ஆறே முக்கால் ஆளு வருது.” சிரித்தாள். “அந்த முக்கால் ஆளுக்குக் காலா இல்ல, கையா இல்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். கனியும் சிரிக்கப் பார்த்தாள்.

“நம்பரைச் சரியாச் சொல்லு. ஆளு கணக்குல துலா பின்னம் வர மாதிரிக் கேக்காது. ரெண்டு வேளையும் சேர்த்து அறுபது கணக்குப் போட்டுட்டு வந்திருக்கேன், ஒரு குழாகூடப் பின்னத்துல நிக்கல. ஆளுன்னா முழுசாத்தான் வரும்.”

“நம்பரு மறந்துட்டு.”

“ஒனக்கா?”

இசக்கி இன்னும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். சிரிப்பு மட்டும் நகராமல் அப்படியே நின்றுவிட்டது. அவள் கனியின் முகத்தைப் பார்த்தாள். கடித்த நகத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நோட்டு என் மடியில் விரிந்து கிடந்தது. மூடத் தோன்றவில்லை. இடது பக்கத்தில் காலையில் எழுதியது: இசக்கியம்மாள், மூன்றாம் படி, தொட்டி, குழாய். வலது பக்கத்தில் மை காயாமல் இருந்தது: பேச்சிக்கனி, மதியம், ஏழாம் படி. அதற்குக் கீழே வட்டங்கள்.

அவள் குனிந்து இரண்டு பக்கத்தையும் படித்தாள். அவசரப்படவில்லை. மேலே இருந்த சிவப்புக் கோடுகளையும், கோடு போட்ட பெயர்களையும், பள்ளிகளையும், பக்கவாட்டில் நான் எழுதியிருந்த நாற்பத்தெட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மணி நேரமும் தேவசகாயம் சாரின் விளக்கமும் தேவைப்பட்டன. அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இசக்கிக்கும் கணக்கு வரும். அதை நான்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

“இசக்கி,” என்றாள் கனி. “நான் சொல்லணும்னுதான்…”

பின்னால் பிள்ளைகள் இன்னும் விடைகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். இசக்கி அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லட்டும், கத்தட்டும், என் முகத்தில் துப்பட்டும் என்று காத்திருந்தேன். அவள் சாக்கட்டியைப் பலகையின் விளிம்பில் வைத்தாள். அலமாரியிலிருந்து தன் பையைத் தானே எடுத்துக்கொண்டாள். கனி அவள் கையைப் பிடித்தாள். இசக்கி உதறவில்லை, கனியின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் தாண்டி, வெயில் இறங்காத பைபாஸ் ஓரமாக, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்து போனாள்.